கொடி அறுத்த நேரம்

பசியாவரத்துப் பாலத்தில் ஆட்டோ ஏறியதும் கீழே எட்டிப் பார்த்தேன். ஏரி வற்றிக் கிடந்தது. அங்கங்கே தேங்கிய தண்ணீர், நடுநடுவே கறுத்த சேறு, அதில் கால் புதைய நின்று இறால் தடவும் பெண்கள். என் மடியில் பிறந்த சில நாளே ஆன பேத்தி தூங்குகிறாள். பக்கத்தில் மருமகள், கையில் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டகத்தை அணைத்தபடி. ஆட்டோக்காரத் தம்பி மீன் விலையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பாலம் முடிந்து ஊர் வந்துவிட்டது.

இதே சேற்றின் மேல்தான், இப்படி ஒரு கோடையில், மடியில் கிடக்கும் இவளுடைய அப்பனை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு நான் அந்தக் கரைக்குப் போனேன். அன்றைக்கு அவன் பிறந்திருந்தான். ஆனால் என்னைவிட்டு இன்னும் பிரியவில்லை.

மருமகள் என் தம்பி மகள். அதனால் அவள் தாய்வீடும் என் தாய்வீடும் ஒன்றுதான், இந்தத் தீவு ஊரில். நான் வாழ்க்கைப்பட்டது கோட்டைக்குப்பத்தில், ஆலந்துக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டை இருந்த பக்கம். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் நடுவில் ஏரி இருக்கிறதே, அதன் மனசு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் போக்குவரத்து.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். பெரிசு என்பதெல்லாம் பரப்பில்தான். ஆழம் பல இடங்களில் இடுப்புக்கு மேல் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது முகத்துவாரம் உடைத்துக்கொண்டு ஏரியும் கடலும் ஒன்றாகும். கோடையில் கடல் மணலை ஒதுக்கி ஒதுக்கி அந்த வாயை அடைத்துவிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் வெயிலில் சுண்டி, உப்பு ஏறி, படகின் அடி தரை தட்டும். மழைக்காலத்தில் காற்றுக்குப் பயந்து படகு எடுக்க மாட்டார்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் எடுக்க முடியாது. பிள்ளைத்தாய்ச்சிகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெற்று எடுத்தாக வேண்டும்.

நான் பெற்றது கத்திரி வெயிலில். 1996. அந்த வருஷம் மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் விட்டார்கள். ராக்கெட் விடுகிற அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாதென்று சொல்லிவிடுவார்கள், ஆண்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி வானத்தில் போகிற நெருப்பைப் பார்க்கக் கூடாது என்று பெரியாயா, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த உறுமல் தரை வழியாக ஏறி வந்தது. வீடு அதிர்ந்தது. வயிற்றுக்குள் பிள்ளை துள்ளி, இடப்பக்கமாக ஒரு உதை விட்டான். வெளியே எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

வலி எடுத்தது சாயங்காலம். முதலில் சூட்டு வலி என்று சொல்லி அம்மா சீரகக் கஷாயம் கொடுத்தாள். விளக்கு வைத்த பிறகும் வலி விட்டு விட்டு வரவே, தம்பி ஓடிப்போய் மருத்துவச்சி ஆயாவைக் கூட்டிவந்தான்.

அவரை எல்லாரும் மருத்துவச்சி ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, காதில் பாம்படம் போட்டுத் தொங்கிய துளை, எப்போதும் வெற்றிலை. ஊர்ப்பக்க மருத்துவச்சிகளுக்குச் சர்க்கார் பயிற்சி கொடுத்த காலத்தில் அவரும் போய்வந்திருந்தார். அங்கே தந்த தகரப் பெட்டியில் சோப்பு, நூல், காகிதம் பிரிக்காத புது பிளேடு எல்லாம் இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். குடிக்கவே நல்ல தண்ணீர் படகில் வரவேண்டிய ஊரில் இப்படி வாரி ஊற்றிக் கழுவுகிறாரே என்று பெரியாயா முணுமுணுப்பார். அவர் காதில் வாங்க மாட்டார்.

கோழி கூப்பிடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தான். அழுதான். ஆண் பிள்ளை என்றதும் திண்ணையில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோட்டைக்குப்பத்து மருமகள் பையன் பெற்றால், "பாட்டுக்கு ஒரு தலைக்கட்டு வந்துடுச்சு" என்பார்கள். வெளியே யாரோ அதைச் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனால் மருத்துவச்சி ஆயா ஒன்றும் பேசவில்லை. நஞ்சு விழவில்லை.

நஞ்சு விழாமல் கொடி அறுக்கக் கூடாது என்பது அந்தக் கால வழக்கம். பிள்ளையைத் துணியில் சுற்றி என் வயிற்றின் மேலேயே போட்டார்கள். கொடி எனக்கும் அவனுக்கும் நடுவே கிடந்தது. ஆயா என் பின்னலின் நுனியை எடுத்து என் வாயிலேயே திணித்து ஓங்கரிக்க வைத்தார். ஓங்கரிக்கும்போது வயிறு இறுகி நஞ்சு தள்ளப்படும் என்று ஒரு கைவைத்தியம். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அடியில் போட்டிருந்த துணியை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "இழுத்துப் பாரேன்" என்று பெரியாயா சொன்னதுதான் தாமதம், ஆயா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "இழுத்தா உசுரு பூடும். படகைக் கட்டச் சொல்லு."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அவளுடைய தங்கை, என் சித்தி, இப்படி நஞ்சு நின்றுதான் செத்துப்போனாள். ஒரு கார்த்திகை மாதம், வாடைக் காற்றில் படகு எடுக்க முடியாமல், விடிய விடிய இந்தக் கரையிலேயே. நான் அப்போது சின்னப் பெண். அந்த இரவைப் பற்றி அம்மா யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்குத்தான், அவள் சுவரில் சாய்ந்த விதத்தில், எனக்கு எல்லாம் புரிந்தது.

கயிற்றுக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். படகின் அடியில் பழைய வலையைப் பரப்பி, அதன் மேல் புடவைகளைப் போட்டு என்னைக் கிடத்தினார்கள். மருத்துவச்சி ஆயா கால்மாட்டில், அம்மா தலைமாட்டில், பெரியாயா ஒரு ஓரம். நாலு பக்கமும் புடவை மறைப்பு. என்னைப் பெற்ற நைனாவும் தம்பியும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் மூங்கில் கழி ஊன்றித் தள்ளினார்கள். கொஞ்ச தூரம்தான். படகு தரை தட்டியது. மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, சேறு முழங்கால் வரை. ஒருவர் முன்னால் கயிறு பிடித்து இழுக்க, இருவர் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ள, படகு நகர்ந்தது. ஒருத்தரும் தலை நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்க்கவில்லை. தம்பிக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். சேற்றுக்குள் கிடந்த மட்டி ஓடு காலைக் கிழித்துவிட்டது. கரை சேரும் வரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தழும்பு இன்றைக்கும் அவன் பாதத்தில் குறுக்காக இருக்கிறது.

கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பிள்ளை என் வயிற்றின் மேல் முண்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். மருத்துவச்சி ஆயா, "மாரைக் குடுடி" என்றார்.

பெரியாயா பதறிப்போனார். சீம்பால் ஆகாது, மூன்று நாள் கழித்துப் பீச்சிவிட்டுத்தான் கொடுக்கணும், அதுவரை சர்க்கரைத் தண்ணீர்தான்; அதுதான் எங்கள் வழக்கம். பெரியாயா பெற்ற அத்தனை பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தாராம். மருத்துவச்சி ஆயா அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. என் ரவிக்கையை அவரே விலக்கினார். பிள்ளையின் தலையைப் பிடித்து மாரில் வைத்தார். "புள்ள வாய் வச்சா வயிறு கேக்கும்" என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி.

அவன் இரண்டொரு தடவை நழுவவிட்டான். பிறகு பிடித்துக்கொண்டான். அவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு வலு உண்டென்று நான் நினைத்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் மறுபடி வலி கிளம்பியது. ஆயா என் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுத்தவில்லை, வைத்திருந்தார். உள்ளே கருப்பை திரண்டு தேங்காய் மாதிரிக் கெட்டியாவது எனக்கே தெரிந்தது. "வருது, முக்கு" என்றார். நஞ்சு விழுந்தது.

படகை நிறுத்தச் சொன்னார். நஞ்சை மண்சட்டியில் வாங்கி, விடிகிற வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுசாக வந்திருக்கிறதா, எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் நூலைக் கட்டி, பிளேடின் காகிதத்தைப் பிரித்து, கொடி அறுத்தார். அப்போது சூரியன் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. நைனா படகின் முன்பக்கத்தில், கயிற்றைத் தோளில் போட்டபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதுகொண்டிருந்தார். அதை மறைப்பின் சந்து வழியாகப் பார்த்தேன்.

கரையில் இறக்கிச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனார்கள். நர்சம்மா பார்த்துவிட்டு ஊசி போட்டார், நஞ்சைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், "யாரும்மா கூட வந்தது?" என்றார். மருத்துவச்சி ஆயா வாசலிலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நஞ்சைப் புதைக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. பிள்ளை பிறந்த சேதி கேட்டுக் கோட்டைக்குப்பத்திலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தோடு ஓடிவந்தவர் கையில் மண்சட்டியைக் கொடுத்தார்கள். நாய் தோண்டாத அளவுக்கு ஆழமாகத் தோண்டணும் என்று ஆயா பக்கத்தில் நின்று குழி பார்த்தார். என் பிள்ளைக்கு அதனால் தாய்வீட்டு மண்ணும் இல்லை, தகப்பன் வீட்டு மண்ணும் இல்லை. படகுத்துறை ஓரம்தான் அவன் நஞ்சு புதைத்த இடம்.

பிறகு வந்தது ஜாதகப் பிரச்சினை. பொன்னேரியில் ஜோசியரிடம் போனார் மாமனார். பிள்ளை பிறந்தது இருட்டோடு. கொடி அறுத்தது பொழுது விடிந்து. பெற்ற நேரமா, கொடி அறுத்த நேரமா? தலை வெளியே வந்த நேரம்தான் கணக்கு என்றார் ஒரு ஜோசியர். தாயும் பிள்ளையும் ரெண்டாகிற நேரம்தான் பிறப்பு, கொடியைத்தான் பார்க்கணும் என்றார் இன்னொருவர். இரண்டு ஜாதகமும் எழுதிவிட்டார்கள். லக்கினமே மாறிப்போனது. அவன் கல்யாணத்தின்போது இரண்டையும் எடுத்து வைத்தோம். தம்பி மகள் ஜாதகத்தோடு ஒன்று பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை. தம்பி பொருந்தாததை மடித்து என் கையில் கொடுத்து, "அக்கா, அந்த நேரத்துல நான் கால் சேத்துல நின்னுக்கினு இருந்தேன். பொறந்தது சூரியன் வந்த அப்புறந்தான், எனக்குத் தெரியும்" என்றான்.

பச்சை உடம்புக்காரியாகத் தாய்வீட்டில் இருந்த நாட்களைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் தினமும் குளிப்பாட்ட வேண்டும். உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரோ படகில் வந்தால் உண்டு. மணலில் ஊற்றுத் தோண்டினால் இரவெல்லாம் ஊறி ஒரு குடம் கிடைக்கும். அந்தக் கோடையில் அதுவும் கரித்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. காலையில் கதவைத் திறந்தால் திண்ணையில் குடங்கள் இருக்கும். ஒவ்வொரு வீடும் தன் பங்கில் ஒரு குடம். அலுமினியம், பிளாஸ்டிக், ஒரு வீட்டிலிருந்து பித்தளை. அடிநெளிவை வைத்தே அம்மா இது யார் வீட்டுக் குடம் என்று சொல்லுவாள். குளிப்பாட்டி முடித்ததும் காலிக் குடங்களைத் தம்பி கொண்டுபோய்ப் போடுவான். ஜூன் மாதம் யாரும் எதிர்பாராமல் பேய்மழை கொட்டியது, சென்னையே மிதந்தது. ஊற்றெல்லாம் இனிப்பானது. அதற்குப் பிறகும் சில நாள் குடங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

சாப்பாடு என்றால் பால்சுறா. மஞ்சள் போட்டு வேகவைத்து, மேல்தோலில் இருக்கிற மணலைத் தேய்த்தெடுத்து, முள்ளை நீக்கி, உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, பூண்டும் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் புட்டாக வதக்குவாள் அம்மா. பூண்டு எவ்வளவு என்றால், சுறா அளவுக்குப் பூண்டு. மாலையில் சுக்கும் திப்பிலியும் பனைவெல்லமும் சேர்த்துக் கிளறிய காயம் ஒரு உருண்டை. இந்த வாரம் என் தம்பி பெண்டாட்டி அதே அடுப்பங்கரையில் நின்று மகளுக்குச் சுறா வதக்குகிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் சித்தியைத் திருப்பித் தராத காலம் எனக்கு எதற்கு? அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பேரில் கொடுக்கிற மகப்பேறு உதவி 2006-ல் 6,000 ரூபாயானது, இப்போது 18,000. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் வண்டி அந்தக் கரையோடு நின்றுவிடும். இந்தக் கரையிலிருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது படகுதான். தேதி நெருங்குகிற பெண்களை முன்கூட்டியே அந்தக் கரையில் உறவுக்காரர் வீட்டில் தங்க வைப்போம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடப்பதாக 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் தீவுப் பெண்களும் சேர்ந்ததற்குப் பின்னால் எத்தனை பேர் சேற்றில் நின்று தோள் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பாலம் வந்த அன்றைக்கு என் அம்மா இல்லை. இருந்திருந்தால் அதன் மேல் நடந்தே போய்வந்திருப்பாள்.

பொன்னேரியில் மருமகளுக்குப் பிரசவமானதும், பிள்ளை பிறந்த கையோடு தொடையில் ஒரு ஊசி போட்டார்களாம். சற்று நேரத்தில் நஞ்சு தானாக வந்துவிட்டது. சுத்தம் செய்த உடனே நர்ஸ் பிள்ளையை மாரில் போட்டு, சீம்பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வார்டுக்கு வந்த பிறகு அந்த நர்ஸிடம் என்ன ஊசி என்று கேட்டேன். அங்கன்வாடி டீச்சர் என்று தெரிந்ததால் பொறுமையாகச் சொன்னார்: "ஆக்சிடோசின்மா. பிள்ளை பால் குடிக்கும்போது அம்மா உடம்பிலேயே சுரக்கும். அதுதான் கருப்பையைச் சுருக்கி நஞ்சைத் தள்ளும், ரத்தத்தையும் நிறுத்தும். அதையே மருந்தா செஞ்சு ஊசியில போடுறோம்."

நான் அந்த வார்டிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சீம்பால் கொடுங்கள் என்று எத்தனை தாய்மார் கூட்டத்தில் பேசியிருக்கிறேன்! பிள்ளைக்கு நல்லது, நோய் அண்டாது என்று படித்ததைச் சொல்லியிருக்கிறேன். தாயின் உயிரும் அதில் இருக்கிறது என்பது, என் உடம்பில் நடந்தும், எனக்குத் தெரியாமல் இருந்தது. மகன் போனில் தேடிப் படித்தான். வின்சென்ட் து வீன்யோ என்கிற அமெரிக்க விஞ்ஞானி அந்தச் சுரப்பை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினாராம். 1955-ல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கொடுத்தார்களாம். "அப்போ நம்ம ஆயாவுக்கு?" என்று கேட்டான் மகன்.

ஆயாவுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு புடவை, அரிசி, வெற்றிலை பாக்கு. பணத்தை நைனா நீட்டியபோது, "பையன் பாட்டுல சேர்ந்து வலை கட்டட்டும், அப்போ வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். எல்லார் வீட்டிலும் சொல்கிற பேச்சுத்தான். ஆனால் என் மகன் அதைக் கேட்டே வளர்ந்தவன். கல்யாணமாகித் தலைக்கட்டில் பெயர் சேர்ந்து, முதல் முறை வலை எடுத்த அன்றைக்கு, மடவையும் பச்சை நண்டும் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆயா வீட்டுக்குப் போனான். அவருக்கு அப்போது கண் தெரியாது. வெற்றிலையைக் குழவிக்கல்லால் இடித்துத்தான் போடுவார்.

"நான்தான் ஆயா. ஏரியில கொடி அறுத்தியே, அவன்."

ஆயா கையை நீட்டினார். அவன் நண்டைக் கட்டோடு அந்தக் கையில் வைத்தான். அவர் அதன் அடிவயிற்றை விரலால் அழுத்தினார். கால் இடுக்கில் அழுத்தினார். தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி நண்டுடா இது, சதையே இல்ல. இதையா எனக்குக் கொண்டாந்த? அடுத்த முறைல கனமா, சிவப்பு முட்டையோட ஒண்ணு கொண்டா."

அடுத்த முறை வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தான்.